நான்கு கியரும் பின்னோக்கி

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் என்னைப் பழைய இரும்பு நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள். கல்லூரிப் பணிமனையின் பின்புறம், துருப்பிடித்த கம்பிகளை எடை போட்டு அனுப்புவதற்காகக் கிடந்த தராசு அது. எனக்கு முன்னால் மூன்று பையன்கள் ஏறி இறங்கியிருந்தார்கள். எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு, எண்பத்தொன்று. நான் ஏறினேன். முள் நாற்பத்தொன்றைத் தொட்டு ஆடி நின்றது.

"ஏலே, முடிஞ்சு போச்சுலே," என்றான் எண்பத்தொரு கிலோக்காரன். "இவதான் டிரைவர்."

"எனக்கு ஸ்கூட்டியே ஓட்டத் தெரியாதுடா!"

"அதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம். நாப்பது கிலோ மிச்சம்! எஞ்சின்ல நாப்பது கிலோவைக் குறைக்க முடியுமா, சொல்லு?"

எஞ்சினே அவ்வளவு எடை கிடையாது.

நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு கோ-கார்ட் செய்துகொண்டிருந்தோம். தரையோடு தரையாகக் கிடக்கும், கூரையும் கதவும் இல்லாத, ஒரே ஒருவர் உட்காரக்கூடிய குட்டிப் பந்தய வண்டி. கோயம்புத்தூர்ப் பக்கம் பொறியியல் மாணவர்களுக்கென்று ஒரு போட்டி நடந்தது. வண்டியை மாணவர்களே வரைந்து, இரும்பைப் பற்றவைத்துச் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து அதற்கு முன்பு யாரும் போனதில்லை. ஏன் போனதில்லை என்று யோசிக்கும் அளவுக்கு எங்களுக்கு அப்போது பொறுமை இல்லை.

எண்பத்தொரு கிலோக்காரன் காரியாபட்டிக்காரன், விவசாய வீட்டுப் பிள்ளை. வெல்டிங் அவன் கையில் இருந்தது. அவனுடைய தாய்மாமா ஒரு பைக்கைப் பாலத்தில் மோதி முன்பக்கத்தை மடக்கி வைத்திருந்தார். எங்கள் எஞ்சின் அதிலிருந்து வந்தது. அறுபத்தெட்டுக் கிலோக்காரனின் அப்பாவுக்குச் சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கும் ஆபீஸ். எழுபத்திரண்டு கிலோக்காரன் விருதுநகர்ப் பையன். போட்டியின் விதிப்புத்தகத்தை அச்செடுத்துச் சுருள் கட்டி, சாப்பிடும்போதுகூட மடியில் வைத்துக்கொண்டிருப்பான்.

நான் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஊர். அம்மா எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தார். அறுபத்திரண்டு பேர் கொண்ட வகுப்பில் பெண்கள் இரண்டு பேர்; அதில் நான் ஒருத்தி. பள்ளியில் படிக்கும்போது ஒரு அச்சகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆஃப்செட் இயந்திரம் காகித அடுக்கின் மேல் தாளை ஒவ்வொன்றாக உறிஞ்சித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு தாள் வரவே வரவில்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பஸ் கிளம்பும்போது டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். அன்றைக்கே எனக்குள் மெக்கானிக்கல் முடிவாகிவிட்டது. அம்மா கம்ப்யூட்டர் படிக்கத்தான் சொன்னார்.

பொறி பறக்காத இடமாகப் பார்த்து என்னை உட்கார வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. அவர் வேலை செய்யும் இடத்தில் இரும்புச் சாமானை உள்ளே கொண்டு போக முடியாது, போன் கொண்டு போக முடியாது, நைலான் சேலை கூடாது, காலில் செருப்புக்கூடக் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் நான் வீட்டுக்கு வந்து, கிரைண்டிங் இயந்திரத்தில் இரும்பைப் பிடித்தால் பூச்சட்டிப் பட்டாசு மாதிரி பொறி கொட்டுகிறது என்று கைகளை விரித்துக் காட்டிச் சொன்னேன். அம்மா சோற்றை உருட்டிய கையோடு என்னைப் பார்த்தார்.

"எங்க கம்பெனியில ஒரு பொறி விழுந்தா நாங்க அம்புட்டுப் பேரும் ஓடணும். நீ என்னன்னா அதைக் காசு கட்டிப் படிக்கிறயாக்கும்?"

இப்படிப்பட்டவரிடம் கார்ட் விஷயத்தை எப்படிச் சொல்வது? புராஜெக்ட் செய்கிறோம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். பொய் இல்லை.

எஞ்சினை வண்டியில் எங்கே, எப்படிப் பொருத்துவது என்பது என் பொறுப்பு. கணினியில் வரைந்து பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. சைலன்ஸர் குழாய் நேராக ஓட்டுநரின் முழங்கைக்கு வந்து நின்றது. அந்த முழங்கை என்னுடையது என்பதால் எனக்கு அக்கறை அதிகம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒரே ஒரு சொடுக்கு: எஞ்சினை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தேன். சைலன்ஸர் பின்னால் போனது. செயின் அழகாகப் பின்சக்கர அச்சுக்கு நேராக வந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு சிக்கலை அவிழ்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று தோன்றியது. பையன்களும் பார்த்துவிட்டு, "செம!" என்றார்கள். காரியாபட்டிக்காரன் அன்றைக்கே பற்றவைத்து முடித்தான்.

வெள்ளோட்டத்துக்குத் துறைத்தலைவரே வந்தார். மற்ற வகுப்புகளும் வேடிக்கை பார்க்க வந்தன. சக்கரங்களுக்குக் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். பாதுகாப்பு முக்கியம் என்று விதிப்புத்தகக்காரன் எல்லோரையும் வண்டிக்கு முன்னாலிருந்து விரட்டினான். "யாரும் எதுக்க நிக்காதீக! எல்லாரும் வண்டிக்குப் பின்னாடி போங்க! பின்னாடி!" கூட்டம் கீழ்ப்படிந்து பின்னால் போய் நின்றது. துறைத்தலைவர் நடு நாயகமாக நின்றார்.

நான் ஹெல்மெட்டுக்குள் மூச்சை இழுத்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

அலறல் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரேக்கை மிதித்து நின்று, கியர் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டாவது கியரைப் போட்டு மறுபடி விட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. அரளிச் செடி வரிசைக்குள் பாதி வண்டி நுழைந்து எஞ்சின் நின்றதும்தான் நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் சிதறிக் கிடந்தது. துறைத்தலைவர் சிமெண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு வயதில் அவர் அந்த உயரத்தை எப்படித் தாவினார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்புறம் அவர் மேலிருந்தபடியே கேட்டார்.

"ஏம்மா, நாலு கியரும் ரிவர்ஸா?"

"ஆமாங்க சார்... அப்படித்தான் இருக்கும் போல."

"முன்னாடி போறதுக்கு ஏதாவது ஏற்பாடு வச்சிருக்கீகளா, இல்ல போட்டிக்கே இப்படித்தான் போகப் போறீகளா?"

முதலில் சிரித்தது காரியாபட்டிக்காரன். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. துறைத்தலைவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். எஞ்சினைத் திருப்பி வைத்தால் அது சுற்றுகிற திசையும் திரும்பிவிடும் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மூன்றாம் வருடப் பொறியியல் மாணவியான எனக்குத் தெரியவில்லை. ஆனால் அரளிப் பூக்கள் மடியில் கிடக்க, ஹெல்மெட்டுக்குள் எனக்கும் சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்க இன்னும் வந்தது. அடுத்த ஒரு வாரம் கேண்டீனில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் இரண்டடி பின்னால் நடந்து காட்டினார்கள்.

பற்றவைத்ததையெல்லாம் அறுத்து, எஞ்சினை மறுபடி திருப்பி, சைலன்ஸரை வளைத்துத் தாழ்த்தி, என் முழங்கைக்கு ஒரு தகரத் தடுப்பு வைத்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. இந்தத் தடவை முன்னால் போனது. அச்சாபீஸ்காரன் அந்த மகிழ்ச்சியில் வீட்டிலிருந்து பழுதான அச்சுத்தாள்களைக் கொண்டுவந்து வண்டியின் மூக்கில் ஒட்டினான். நிறம் தப்பி விழுந்த பட்டாசு லேபிள்கள்: பச்சை மயில், ஊதாப் புலி, காம்பு மட்டும் நீலமான ஒரு ஆப்பிள். பந்தய வண்டி மாதிரி இல்லை. தீபாவளிப் பெட்டி மாதிரி இருந்தது. எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இனி நான் ஓட்டப் பழக வேண்டும். கல்லூரி மைதானத்தில் ஓட்டக் கூடாது, அரளி வரிசை பாக்கி இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அந்த வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றி அங்கே கொண்டுபோனோம். மாலை நாலு மணிக்கு மேல் கண்மாய் எங்களுடையது. கருவேல முள்ளைப் பொறுக்குவது அரை மணி, ஆடுகளை விரட்டுவது கால் மணி, மிச்ச நேரம் ஓட்டுவது.

அந்த முதல் நாட்களை எப்படிச் சொல்வது! தரைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. முப்பது கிலோமீட்டர் வேகம் முந்நூறு போலிருக்கும். சிறு கல்லும் முதுகெலும்பில் ஏறி மண்டையில் ஒலிக்கும். கார்ட்டின் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியிருப்பதால் அது சும்மா திரும்பாது. வேகத்தோடு வளைத்தால்தான் உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டு திரும்பும். இதை வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் நான்காம் நாள் சாயந்திரம் அது நிஜமாகவே தூக்கி, வண்டி அப்படியே வழுக்கி வளைந்தபோது, "தூக்குதுடா! தூக்குதுடா!" என்று நான் போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த ஆடுகள் ஓடின.

இப்படி ஒரு வாரம் போனது. ஒரு நாள் ஐந்தரை மணிக்குக் கண்மாய்க் கரை ரோட்டில் ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஓட்டுகிற மும்முரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கரையில் தலைகள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் வேன் முழுவதும் காலியாகி, ஒரு பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவர்களுக்காகவே இன்னொரு சுற்றுச் சுற்றி, தூசி பறக்க வளைத்து, கரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன்.

"யாத்தே, எம்புட்டு வேகம்! பாத்தியாக்கா?" என்றது ஒரு குரல்.

"எவ பெத்த பிள்ளையோ! இப்படி விட்டுட்டு வீட்டுல என்னதான் பண்ணுதாகளோ," என்றது இன்னொரு குரல்.

அந்த இரண்டாவது குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் விதிப்புத்தகக்காரன் ஓடிவந்து, "ஹெல்மெட்டைக் கழத்து, வேர்த்துருக்கும்," என்று அக்கறையாக அவனே கழற்றிவிட்டான்.

பதினைந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பதினான்கு பேர் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நீ பெத்த பிள்ளைதான்க்கா," என்றார் முதலில் பேசியவர்.

அம்மா கரையிலிருந்து இறங்கி வந்தார். கை, முகம் எல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி பூசினாற்போல் மினுங்கியது. பையன்கள் மூவரும் நேராக நிமிர்ந்து நின்றார்கள்.

"இதுதான் புராஜெக்டா?"

"ஆமாம்மா."

"நான் ஏதோ பேப்பர்ல எழுதுறதாக்கும்னு நெனச்சேன்."

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் மேலங்கியின் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். "பருத்திதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து, "இது என்ன டப்பா?" என்றார்.

"பெட்ரோல் டேங்க்ங்க," என்றான் காரியாபட்டிக்காரன்.

"இந்தக் குழாய் சுடுமா?"

"நல்லாச் சுடும்ங்க. சைலன்ஸர்ல்லா."

"இங்கன பெட்ரோலு, அங்கன சூடு. நடுவுல என்ன வச்சிருக்கீக?"

நாங்கள் நால்வரும் பார்த்தோம். நடுவில் காற்றுதான் இருந்தது. விதிப்புத்தகக்காரன் வேகமாகத் தாள்களைப் புரட்டினான். அவன் முகம் சிறுத்துப் போனது. "இருக்கு," என்றான் மெதுவாக. "தடுப்பு வைக்கணும்னு போட்டிருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன்."

"அதை வச்சிட்டு ஓட்டுங்க," என்றார் அம்மா. அவ்வளவுதான். ஓட்டாதே என்று சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். என் மேலங்கி முழுவதும் வெள்ளி ஆனது. அதற்குள் வேனில் வந்த பெண்கள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பையன்கள் தள்ள, ஆளுக்கு ஒரு சுற்று. ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்கச் சொன்னாலும் சிரிப்பில் யாருக்கும் பிடி நிற்கவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் அவரும் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் முறை வந்தபோது சேலையை முட்டிக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியவர், "ஏலே, மெதுவாத் தள்ளுங்கலே! மெதுவா!" என்று கத்திக்கொண்டே போனார். திரும்பி வரும்போது அதே வாயால், "இன்னுங் கொஞ்சம் வேகமாத்தான் தள்ளுங்களேன்," என்றார்.

போட்டிக்குப் போன இடத்தில் முதல் நாள் வண்டிப் பரிசோதனை. டேங்குக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் இருந்த தடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, பரிசோதகர் தலையசைத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார். எடை, திருப்பம், ஸ்டீயரிங் எல்லாம் தேறியது. பிரேக் பரிசோதனையில் மாட்டிக்கொண்டோம். வேகமாக ஓட்டிவந்து பிரேக்கை மிதித்தால் பின்சக்கரங்கள் சுழலாமல் அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டும். நான் மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் சக்கரம் பூட்டவில்லை, உருண்டு உருண்டு நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. இன்னும் ஒரே வாய்ப்பு. தவறினால் மறுநாள் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

காரியாபட்டிக்காரன் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். பாறை மாதிரி பூட்டியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த எடைக்காக என்னை டிரைவர் ஆக்கினார்களோ அந்த எடைதான் இப்போது பிரேக்குக்குப் போதவில்லை.

"இவளுக்கு நாலு பரோட்டா வாங்கிக் குடுங்கலே," என்றான் அச்சாபீஸ்காரன்.

அந்தப் பதற்றத்திலும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். பிரேக்கை அழுத்தும் தள்ளுகம்பியைப் பெடலின் சுழல் மையத்துக்கு நெருக்கமாக மாட்டினால், என் காலின் அதே அழுத்தம் அங்கே பெரிதாகிப் போய்ச் சேரும். தரையில் குந்தி, விதிப்புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே ஒரு துளை. பக்கத்து அணியிடம் துளைப்பான் இரவல் வாங்கி, இந்தத் தடவை திசையை மூன்று முறை சரிபார்த்துத் துளைத்தோம்.

மூன்றாம் முறை மிதித்தேன். சக்கரங்கள் கிறீச்சிட்டு, தார்மேல் இரண்டு கறுப்புக் கோடு இழுத்து நின்றன. பரிசோதகர் தேறியதற்கு அடையாளமான பச்சை ஸ்டிக்கரை வண்டியின் மூக்கில், ஊதாப் புலியின் நெற்றியில் ஒட்டினார். நான் இறங்கவில்லை. பையன்கள் என்னை வண்டியோடு தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை; பந்தயம் நாற்பது நிமிடம். முப்பத்தொரு வண்டிகள். கண்மாயில் என்னைச் சுற்றி ஆடுகள் மட்டும்தான் ஓடின. இங்கே முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் வண்டி. முதல் மூன்று சுற்று பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நான்காவது சுற்றில் ஒரு வளைவில் முன்னால் போனவர் கொஞ்சம் அகலமாகப் போனார். உள்ளே ஒரு சந்து தெரிந்தது. யோசிப்பதற்குள் கை திருப்பிவிட்டது. தாண்டிவிட்டேன்! நான் ஒருத்தரைத் தாண்டிவிட்டேன்! அதற்குப் பிறகு ஹெல்மெட்டுக்குள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. இன்னும் ஐந்து பேரைத் தாண்டினேன். ஒரு முறை ஆர்வக்கோளாறில் அரைவட்டம் சுழன்று, எல்லோருக்கும் எதிர்த்திசையைப் பார்த்து நின்றேன். கொடி பிடித்திருந்தவர் ஓடிவந்து திருப்பிவிட்டார். தாண்டியதில் மூன்று பேர் அந்த நேரத்தில் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் இரண்டு பேரை மறுபடி பிடித்தேன்.

பதினான்காவதாக வந்தோம். பரிசு ஒன்றும் இல்லை. நாங்கள் குதித்த குதியைப் பார்த்து முதல் பரிசு வாங்கிய அணியே வந்து, நீங்கள் எதில் ஜெயித்தீர்கள் என்று விசாரித்தது. எஞ்சின் அதிர்ந்த அதிர்வில் என் கைகள் ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தன. டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. காரியாபட்டிக்காரன் டம்ளரைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து உறிஞ்சிக் குடித்தேன்.

அம்மாவிடம் உடனே சொல்ல முடியாது. வேலை நேரத்தில் போன் கம்பெனி வாசலில் இருக்கும். ஐந்தேகாலுக்கு அவரே கூப்பிட்டார். வேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னாச்சு? அடி கிடி படலயே?"

"இல்லம்மா. பதினாலாவது."

"எம்புட்டுப் பேர்ல?"

"முப்பத்தொண்ணு."

அம்மா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் சொல்வது கேட்டது: "முப்பத்தொண்ணுல பதினாலாம்! பதினேழு பேரு இவளுக்குப் பின்னால வந்திருக்காக!" அடுத்த நொடி அங்கே எழுந்த சத்தத்தில் நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். என்னைச் சுற்றி நின்ற மூன்று பையன்களுக்கும் அது தெளிவாகக் கேட்டது. அவர்களும் பதிலுக்குக் கத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை வெப்பப் பரிமாற்றத்தில் உள்தேர்வு. நான்கு பேரும் எழுதினோம். ஐம்பதுக்கு நான் பதினொன்று வாங்கினேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது துறைத்தலைவர் மறுதேர்வுத் தேதியை மட்டும் தாளின் மூலையில் எழுதிக் கொடுத்தார்.